ஒரே தெரு, இரண்டு பதிவேடுகள்: அல்ஜீரியப் போரும் பால்ய நட்பும்

1954 நவம்பர் 1. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த நாள். இரண்டு வாரங்களுக்கு முன்பு கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். அதோடு காரியம் முடிந்தது.

அதே நாள், நள்ளிரவு தாண்டிய சில மணி நேரத்தில், அதே பிரெஞ்சு அரசின் கீழிருந்த அல்ஜீரியாவில் குண்டுகள் வெடித்தன. காவல் நிலையங்கள், படை முகாம்கள், தொலைபேசிக் கம்பிகள் என்று நாடெங்கும் தாக்குதல். தேசிய விடுதலை முன்னணி என்ற, அதுவரை யாரும் கேள்விப்படாத அமைப்பு போரை அறிவித்தது. அந்தப் போர் ஏழரை ஆண்டுகள் நீடித்து, லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்த பிறகே ஓய்ந்தது.

ஒரே அரசு, ஒரே நாள். ஓரிடத்தில் வாக்குச்சீட்டு, மற்றோரிடத்தில் வெடிகுண்டு. ஏன் என்று கேட்டால் பல காரணங்கள் சொல்லலாம். எனக்கு முதன்மையாகத் தெரிவது இதுதான்: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கைப்பிடி. அல்ஜீரியாவில் ஏறத்தாழ 85 லட்சம் முஸ்லிம்களுக்கு நடுவே பத்து லட்சம் ஐரோப்பியர்கள் குடியேறி, மூன்று நான்கு தலைமுறைகளாக வேர்விட்டிருந்தார்கள். 1830-ல் படையெடுத்து வந்த பிரான்ஸ், 1848-லேயே அந்த மண்ணைத் தன் மாவட்டங்களாக அறிவித்துவிட்டது. காலனி என்று கூட அதைச் சொல்லவில்லை. போர் தொடங்கியபோது உள்துறை அமைச்சராக இருந்த பிரான்சுவா மித்தரான், அல்ஜீரியா என்றால் பிரான்ஸ்தான் என்று அறிவித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

பத்து லட்சம் பேர் குடியேறிய மண்ணில் பிள்ளைகள் சேர்ந்து வளர்ந்தார்கள். ஒரே தெருவில் பந்து உதைத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, அவர்களில் சிலர் துப்பாக்கியின் இரு முனைகளில் நின்றார்கள். இந்த நிலையைத்தான் வரலாற்றில் ‘பிளந்த விசுவாசம்’ என்கிறோம். அது எப்படி உருவாகிறது, போர் அதை என்ன செய்கிறது என்பதை, முன்பின் எதுவும் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பிளந்த விசுவாசம் என்றால் என்ன?

எந்த மனிதனுக்கும் பற்று ஒன்று மட்டும் இருப்பதில்லை. தாயிடம் ஒன்று, ஊரிடம் ஒன்று, மதத்திடம் ஒன்று, சோறு போடும் வேலையிடம் ஒன்று, கூட விளையாடியவனிடம் ஒன்று. அமைதிக் காலத்தில் இவை ஒன்றோடொன்று உரசாமல் கிடக்கும். எது பெரிது என்று யாரும் கேட்பதில்லை. போர் வந்தால் கேட்கிறார்கள். அதுவும் இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்கிறார்கள்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்று நாம் சொல்வது இதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் முழுதாகப் பொருந்தவில்லை. அந்த எறும்புக்குக் கொள்ளியின் இரு முனையும் நெருப்பு மட்டுமே. இரண்டிலிருந்தும் தப்ப வேண்டும் என்றுதான் தவிக்கிறது. பிளந்த விசுவாசம் உள்ளவனுக்கோ இரண்டு பக்கமும் வீடு. அவன் தப்பிக்க நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் போய்ச் சேர நினைக்கிறான்.

காலனி நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே போர் வருவதற்கு வெகு காலம் முன்பே, பிள்ளைகள் பிறப்பதற்கும் முன்பே, யார் எந்தப் பக்கம் என்பதைச் சட்டம் எழுதி வைத்துவிடுகிறது. தெருவில் ஒன்றாக நிற்கும் பிள்ளைகள் பதிவேட்டில் வேறு வேறு பக்கங்களில் இருக்கிறார்கள். இந்தப் பதிவேட்டைப் புரிந்துகொள்ளாமல் அல்ஜீரிய நட்புகளின் முறிவைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பதிவேடு

1865-ல் வந்த சட்டம், அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட பிரஜைகள், ஆனால் குடியுரிமை பெற்றவர்கள் அல்லர் என்றது. குடியுரிமை வேண்டுமென்றால் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இஸ்லாமியச் சட்டத்தைக் கைவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது மதத்தையே கைவிடுவதற்குச் சமம். மிகச் சிலரே விண்ணப்பித்தார்கள்.

1870-ல் கிரெமியு ஆணை என்ற ஒன்று வந்தது. அல்ஜீரியாவில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த யூதர்களில் ஏறத்தாழ 35,000 பேர் ஒரே நாளில் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆகவில்லை. அரபு பேசி, ஒரே வகை உணவு உண்டு, ஒரே சந்தில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு காகிதம் கோடு கிழித்தது. (அந்தக் காகிதத்தைத் திரும்பப் பிடுங்கவும் முடியும் என்பதை 1940-ல், ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சில் அமைந்த விஷி அரசு காட்டியது. யூதர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. யூதப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அப்படி 1942-ல் வெளியேற்றப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பின்னாளில் தத்துவவாதி ஜாக் தெரிதா என்று உலகத்துக்குத் தெரியவந்தான். 1943-ல் குடியுரிமை திரும்பக் கிடைத்தது.)

1881-ல் பூர்வகுடிகளுக்கென்று தனித் தண்டனை முறை வந்தது. நீதிமன்றம் இல்லாமலே அதிகாரி அபராதமும் சிறையும் விதிக்கலாம். அந்தத் தண்டனை முஸ்லிம்களுக்கு மட்டும். 1889-ல் வந்த சட்டமோ ஸ்பெயின், இத்தாலி, மால்ட்டா ஆகிய இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளைத் தானாகவே பிரெஞ்சுக்காரர்கள் ஆக்கியது. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய ஸ்பானியக் கூலியின் மகன் பிரெஞ்சுக்காரன். ஆயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணின் மலைகளில் ஆடு மேய்த்த கபைல் இனக் குடும்பத்தின் மகன் வெறும் பிரஜை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-ல், அல்ஜீரியச் சட்டமன்றம் ஒன்று அமைத்தார்கள். 120 இடங்கள். அதில் 60 ஏறத்தாழ பத்து லட்சம் ஐரோப்பியர்களுக்கு, 60 ஏறத்தாழ எண்பது லட்சம் முஸ்லிம்களுக்கு. நீங்களே வகுத்துப் பாருங்கள். முஸ்லிம்களுக்கான அந்த 60 இடங்களுக்கும் 1948-ல் நடந்த தேர்தலில் வெளிப்படையாகவே முறைகேடு நடந்தது.

தெரு

இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் விளையாடினார்கள் என்பதுதான் என்னை இந்த வரலாற்றில் விடாமல் பிடித்து வைத்திருப்பது.

அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர், பாப் எல் உவேத் போன்ற தொழிலாளர் பகுதிகளில் ஐரோப்பிய ஏழைகளும் அரபு ஏழைகளும் அருகருகே வாழ்ந்தார்கள். நாம் புளியங்கொட்டை வைத்து ஆடியதைப் போல, அந்தத் தெருப் பிள்ளைகள் சர்க்கரை பாதாமிப் பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து வைத்து ஆடினார்கள். கடல் பக்கத்தில் இருந்தது, நீந்தினார்கள். ஐரோப்பியத் தொழிலாளர்கள் பேசிய பிரெஞ்சில் ஸ்பானிய, இத்தாலிய, அரபுச் சொற்கள் கலந்து கிடந்தன. அந்தப் பேச்சுக்கு ‘பத்தாவெத்’ என்று ஒரு தனிப் பெயரே உண்டு. பாரீஸ்காரனுக்கு அது பாதிதான் புரியும்.

பள்ளிக்கூடம் இந்த நெருக்கத்தை வெட்டத் தொடங்கும் இடம். பெரும்பாலான முஸ்லிம் குழந்தைகள் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. மிதித்தவர்களும் தொடக்கக் கல்வி முடிந்ததும் உதிர்ந்தார்கள். மேல்நிலைப் பள்ளிக்குப் போனவன் ஐரோப்பியன். மூட்டை தூக்கவோ ஷூ துடைக்கவோ போனவன் அரபு. ஒருவர் வீட்டில் ஒருவர் திருமணம் செய்துகொள்வது மிக அரிது.

இதையெல்லாம் விட நுட்பமான ஒரு வெட்டு உண்டு. தமிழ் வாசகருக்கு அதை விளக்கவே வேண்டாம், சொன்னால் போதும். பிரெஞ்சிலும் ‘நீ’, ‘நீங்கள்’ உண்டு. பிள்ளைகள் ஒருவரையொருவர் ‘நீ’ என்றார்கள். அது அன்பின் ‘நீ’. வளர்ந்த பிறகு, ஐரோப்பியர் பலர் எந்த வயது அரபு மனிதரையும் ‘நீ’ என்றே அழைத்தார்கள். தாடி நரைத்த பெரியவரையும் ‘நீ’தான். அரபுப் பெண் யாராக இருந்தாலும் ‘ஃபாத்மா’ என்று ஒரே பெயர். பதிலுக்கு அந்தப் பெரியவர் ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டும். ஒன்றாக வளர்ந்த இருவர், பதினாறு வயதிலோ பதினெட்டு வயதிலோ ஒரு நாள், தங்களுக்கு நடுவே இருந்த ‘நீ’ எந்த ‘நீ’ என்று தடுமாறியிருப்பார்கள். நட்பு முறிந்தது குண்டு வெடித்த நாளில் என்று நாம் எண்ணுகிறோம். பல நட்புகள் இந்த ஓரெழுத்துச் சொல்லிலேயே விரிசல் கண்டிருந்தன.

போர் கேட்கும் கேள்வி

முதல் இடி 1945 மே 8. ஐரோப்பாவில் இட்லரின் தோல்வியைக் கொண்டாடிய அதே நாளில், செத்தீஃப் நகரில் விடுதலைப் பதாகைகளோடு ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆத்திரம் கொண்ட கூட்டம் ஏறத்தாழ நூறு ஐரோப்பியர்களைக் கொன்றது. பதிலடியில் இறந்த முஸ்லிம்கள் பல ஆயிரம். அந்த ஊர்ப் பள்ளியில் மாணவராக இருந்து, ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகச் சிறை சென்ற பதின்வயதுச் சிறுவர் கதேப் யாசின், பின்னாளில் அல்ஜீரியாவின் பெரும் எழுத்தாளர்.

பிரான்சுக்காகப் போரிட்டுத் திரும்பிய முஸ்லிம் வீரர்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? அகமது பென் பெல்லா மார்செய் அணிக்காகக் கால்பந்து ஆடியவர். இத்தாலியப் போர்முனையில் காட்டிய துணிவுக்காகப் பதக்கம் பெற்றவர். விடுதலை முன்னணியைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். சுதந்திர அல்ஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரும் அவரே. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வோமே, அந்தக் கணக்கு இங்கே தலைகீழானது. உயிரைப் பணயம் வைத்துக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். திருப்பித் தராதது பிரான்ஸ்.

இரண்டாவது இடி 1955 ஆகஸ்ட் 20. பிலிப்வில் நகரையும் அதைச் சுற்றிய பகுதியையும் விடுதலை முன்னணியினர் தாக்கினார்கள். 123 பேர் இறந்தார்கள். அவர்களில் 71 பேர் ஐரோப்பியர்கள். எல் ஆலியா என்ற சுரங்கக் குடியிருப்பில் நடந்ததைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. அங்கே முஸ்லிம் தொழிலாளர்களும் ஐரோப்பியத் தொழிலாளர்களும் பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். யார் வீடு எது, யாருக்கு எத்தனை குழந்தைகள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள். கொல்ல வந்தவர்களுள் அந்த அக்கம்பக்கத்தவர்களும் இருந்தார்கள். குழந்தைகளும் தப்பவில்லை. பிறகு படையும் ஆயுதம் ஏந்திய குடியேறிகளும் பழி தீர்த்தார்கள். பிரெஞ்சு அரசே ஒப்புக்கொண்ட கணக்கு 1,273 பேர். விடுதலை முன்னணி சொன்ன கணக்கு 12,000.

இதுபோன்ற நாளுக்குப் பிறகு தெருவில் என்ன நடக்கும்? எதிரே வரும் பழைய நண்பனின் கையைப் பார்ப்பீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று. போரின் நோக்கங்களுள் ஒன்று இதுவே. நடுவில் நிற்க யாருக்கும் இடம் இருக்கக் கூடாது என்று இரு தரப்பின் தீவிரர்களும் விரும்பினார்கள். நண்பனை நம்புகிறவன் இரு தரப்புக்கும் இடைஞ்சல்.

க்ளோ-சலம்பியேவின் இரு சிறுவர்கள்

அல்ஜியர்ஸின் மேட்டுப் பகுதியில் க்ளோ-சலம்பியே என்று ஓர் ஏழைக் குடியிருப்பு. அங்கே ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்த இரண்டு சிறுவர்கள் நண்பர்களாக வளர்ந்தார்கள். ஃபெர்னான் இவ்தோன் 1926-ல் பிறந்தவர், ஆன்ரி மையோ 1928-ல். சுற்றிலும் முஸ்லிம் குடும்பங்கள். இருவரும் பின்னர் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். இவ்தோன் அரசு எரிவாயு ஆலையில் லேத் தொழிலாளி. மையோ ஒரு நாளிதழில் கணக்கர்.

பிளந்த விசுவாசம் என்றாலே ‘நண்பர்கள் இருவர், ஆளுக்கொரு பக்கம்’ என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். இந்த இருவரின் கதை அப்படியல்ல. இருவரும் ஒரே பக்கம் போனார்கள். ஆனால் அது பதிவேடு அவர்களுக்கு ஒதுக்கிய பக்கம் அன்று.

மையோவைப் படையில் பணிபுரிய அழைத்தார்கள். 1956 ஏப்ரல் 4 அன்று, ஆயுதங்கள் ஏற்றிய படை லாரியோடு அவர் மாயமானார். ஆயுதங்கள் கெரில்லாக்களிடம் போய்ச் சேர்ந்தன. செய்தித்தாள்களுக்கு அவர் அனுப்பிய கடிதத்தின் சாரம்: நான் முஸ்லிம் அல்லன், ஐரோப்பிய வம்சத்து அல்ஜீரியன். அல்ஜீரியா என் தாய்நாடு. அதன் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன கடமையோ அதுவே எனக்கும்.

இரண்டே மாதம். ஜூன் 5 அன்று வார்சனீஸ் மலைப்பகுதியில் அவர் கொல்லப்பட்டார். அந்த மலையில் செல்வாக்கோடு இருந்தவர் பஷாகா புஆலாம். முஸ்லிம், பிரான்சின் பக்கம் உறுதியாக நின்றவர். பிரான்சுக்காக ஆயுதம் ஏந்திய முஸ்லிம்களின் மலையில், அல்ஜீரியாவுக்காக ஆயுதம் ஏந்திய ஐரோப்பியர் ஒருவர் விழுந்தார். இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால், ‘அது முஸ்லிம்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த சண்டை’ என்ற எளிய வாக்கியத்தை இனி நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

நண்பனின் சாவு இவ்தோனை உலுக்கியது. 1956 நவம்பர் 14 அன்று தான் வேலை செய்த ஆலையில், யாரும் புழங்காத ஓர் அறையில் வெடிகுண்டு வைத்தார். தொழிலாளர்கள் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு வெடிக்கும்படி நேரம் குறித்திருந்தார். யாரும் சாகக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. குண்டு வெடிக்கவில்லை, முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு கீறல் கூட யாருக்கும் இல்லை. அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பத்தே நாளில், நவம்பர் 24 அன்று, படை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கருணை மனு நிராகரிக்கப்பட்டது. அப்போது நீதி அமைச்சர் யார்? பிரான்சுவா மித்தரான். (1981-ல் குடியரசுத் தலைவரானதும் பிரான்சில் மரண தண்டனையை ஒழித்தவரும் அவரே. எழுதும்போதெல்லாம் இந்த இரண்டு செய்திகளையும் என்னால் ஒரு மனிதருக்குள் வைக்க முடிவதில்லை.)

1957 பிப்ரவரி 11, விடியற்காலை, பார்பரூஸ் சிறை. முப்பது வயதுக்காரரான இவ்தோனோடு முகமது உவனூரி, முகமது லக்னெஷ் என்ற இரண்டு அல்ஜீரியர்களும் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் போரில் தலை வெட்டப்பட்ட ஒரே ஐரோப்பியர் இவ்தோன். கடைசி நேரத்தில் அவர் சொன்னதாக வழக்கறிஞர்கள் வழியே வந்து சேர்ந்த சொற்களில் ஒன்று: பிரெஞ்சுக்காரர்களுக்கும் அல்ஜீரியர்களுக்கும் நடுவே நட்பு மீண்டும் பற்றவைக்கப்படும் என்று நம்புகிறேன். அந்தச் சொல், உடைந்த உலோகத்தை ஒட்டுவதற்குப் பட்டறையில் சொல்லும் சொல். வாழ்நாளெல்லாம் இரும்போடு வேலை செய்தவரின் வாயில் வேறு எந்தச் சொல் வரும்?

தாய், நண்பன், நாட்குறிப்பு

பெல்கூர் தெருவில் வளர்ந்த மற்றொருவர் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. தந்தை முதல் உலகப் போரில் இறந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் வீட்டு வேலை செய்து வளர்த்தார். 1930-களிலேயே கபைல் மலை மக்களின் பட்டினியைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதியவர் காம்யு. 1956 ஜனவரி 22 அன்று அல்ஜியர்ஸுக்கு வந்து, குறைந்தபட்சம் பொதுமக்களையாவது இரு தரப்பும் கொல்லாமல் விடுங்கள் என்று மன்றாடினார். மேடையில் அவரோடு பழைய முஸ்லிம் நண்பர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் அவருக்குத் தெரியாமல் விடுதலை முன்னணியில் இருந்தார்கள். வெளியே ஐரோப்பியத் தீவிரர்கள் காம்யு ஒழிக என்று கத்தினார்கள்.

மறு ஆண்டு நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றபோது ஓர் அல்ஜீரிய இளைஞர் அவரைக் கேள்விகளால் மடக்கினார். அப்போது காம்யு சொன்னது: இன்று அல்ஜியர்ஸ் டிராம்களில் குண்டு வைக்கிறார்கள், என் தாய் அதில் ஒரு டிராமில் இருக்கக்கூடும், இதுதான் நீதி என்றால் நான் என் தாயையே தேர்ந்தெடுப்பேன். இதை ‘நீதியை விடத் தாய் பெரிது’ என்று சுருக்கி அவரை இன்றுவரை பழிக்கிறார்கள். அவர் சொன்னது அதுவல்ல. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. பிரெஞ்சுப் படையின் பாராசூட் வீரர்கள் இழுத்துச் சென்ற பிள்ளைகளைத் தேடி அலைந்த அரபுத் தாய்மாரும் அதே நகரத்தில்தான் இருந்தார்கள். பெல்கூர் சிறுவனுக்கு அவர்களையும் தெரிந்திருக்கும்.

இதே காலத்தில் இன்னொரு நட்பு உடையாமல் நின்றது. முலூத் ஃபெரவூன் கபைல் மலைக் கிராமத்தில் ஏழை விவசாயிக்குப் பிறந்தவர். எம்மானுவல் ரொப்லெஸ் ஒரான் நகரில் ஸ்பானிய வம்சத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். புசரேயா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சந்தித்த இருவரும் எழுத்தாளர்கள் ஆனார்கள். ஃபெரவூனை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் ரொப்லெஸ். போர்க் காலம் முழுதும் ஃபெரவூன் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுப் படையின் கொடுமைகளை அதில் எழுதினார். விடுதலை முன்னணியின் கொடுமைகளையும் எழுதினார். அவர் மனம் விடுதலையின் பக்கம் இருந்தது, கண் எல்லாப் பக்கமும் இருந்தது.

1962 மார்ச் 15. போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாக மூன்று நாள். எல் பியார் பகுதியில் சமூகக் கல்வி மையங்களின் அலுவலர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பியத் தீவிரர்களின் இரகசியப் படையான ஓ.ஏ.எஸ். உள்ளே புகுந்து, பெயர் வாசித்து ஆறு பேரை வெளியே கூட்டிச் சென்று சுட்டுக் கொன்றது. மூன்று பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் பிரெஞ்சுக்காரர்கள். ஃபெரவூன் அவர்களில் ஒருவர். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்றுக்கொடுப்பதற்காக அந்த ஆறு பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஹர்க்கி

பிளந்த விசுவாசம் என்றதும் படித்தவர்களையும் எழுத்தாளர்களையும் பற்றியே பேசுகிறோம். அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே நமக்குத் தெரிகிறது. எழுதத் தெரியாதவர்களின் பிளவு இன்னும் ஆழமானது.

பிரெஞ்சுப் படைக்குத் துணையாகச் சேர்ந்த முஸ்லிம் கிராமத்தவர்களை ஹர்க்கிகள் என்றார்கள். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 60,000 பேர் இருந்தார்கள். பிரான்ஸ் மீது பற்று கொண்டு சேர்ந்தவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலோரின் காரணங்கள் மண்ணோடு ஒட்டியவை. வயலைப் படை மூடிவிட்டது, கூலி வேண்டும். அண்ணனை விடுதலை முன்னணி கொன்றுவிட்டது, பழி வாங்க வேண்டும். பங்காளிக் குடும்பம் அந்தப் பக்கம் போய்விட்டது, நாம் இந்தப் பக்கம். அதிகாரி கூப்பிட்டார், மறுத்தால் உயிர் இருக்காது. சகோதரர்களில் ஒருவன் மலையிலும் ஒருவன் சீருடையிலும் இருந்த குடும்பங்கள் உண்டு. எந்தப் பக்கம் வென்றாலும் ஒரு பிள்ளையாவது மிஞ்சட்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இதைத் துரோகம் என்ற ஒரே சொல்லால் மூடுவது எனக்கு ஏற்புடையதன்று. இந்த மனிதர்களில் சிலர் பிடிபட்டவர்களை வதைத்தார்கள், கிராமங்களைக் கொளுத்தினார்கள் என்பதும் உண்மை. அதையும் மறைக்க முடியாது.

விடுதலைப் போராளிகளுக்குள்ளும் பிளவு இருந்தது. விடுதலை முன்னணிக்குப் போட்டியாக இருந்த மெசாலி ஹாஜின் விடுதலை இயக்கத்தை ஆதரித்தார்கள் என்ற ஐயத்தில் 1957 மே மாதம் மெலூசா அருகே ஒரு கிராமத்தில் ஏறத்தாழ 300 ஆண்களை விடுதலை முன்னணி கொன்றது. எல்லோரும் முஸ்லிம்கள், எல்லோரும் விடுதலை விரும்பியவர்கள்.

1962, பிறகு

மார்ச் 18 அன்று எவியான் ஒப்பந்தம். ஜூலை 5 அன்று விடுதலை. அந்த ஓராண்டில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களும் யூதர்களும் கப்பலேறினார்கள். பெட்டியா, சவப்பெட்டியா என்பது அன்று சுவர்களில் எழுதிய வாசகம். ஜூலை 5 அன்றே ஒரான் நகரில் ஐரோப்பியர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்த நகரிலேயே ஐரோப்பியர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றிய முஸ்லிம்களும் இருந்தார்கள்.

புதுச்சேரிக்கும் இந்த ஆண்டு முக்கியம். 1956-ல் கையெழுத்தான கையளிப்பு ஒப்பந்தம், அல்ஜீரியா விடுதலையான ஆறு வாரத்தில், 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களில் ‘சொல்தா’க்கள் பலர், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழர்கள். அவர்களில் அல்ஜீரியப் போர்முனைக்குப் போய் வந்தவர்களும் உண்டு. இரு பதிவேடுகளின் கதை நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

சுதந்திர அல்ஜீரியாவும் ஒரு பதிவேடு எழுதியது. 1963 மார்ச் மாதச் சட்டப்படி, தந்தைவழியில் இரண்டு முன்னோர்கள் அல்ஜீரியாவில் பிறந்து முஸ்லிம் தகுதியில் இருந்திருந்தால் ஒருவர் பிறப்பால் அல்ஜீரியர். மற்றவர்கள் கேட்டுப் பெற வேண்டும். விடுதலைப் போரில் பங்கெடுத்த ஐரோப்பியர்களும் அப்படித்தான். நான் ஐரோப்பிய வம்சத்து அல்ஜீரியன் என்று எழுதிவிட்டுச் செத்த மையோ உயிரோடு இருந்திருந்தால், விண்ணப்பம் எழுதியிருக்க வேண்டும்.

ஹர்க்கிகளின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு பிரான்ஸ் பெரும்பாலோரைக் கைவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிரான்ஸ் வந்தவர்களை ரிவ்சால்ட் போன்ற முகாம்களில், முள்வேலிக்குள், கூடாரங்களில் வைத்தார்கள். அந்த நாடு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2021-ல். அது ஒரு போர் என்பதையே பிரெஞ்சு நாடாளுமன்றம் 1999-ல்தான் ஒப்புக்கொண்டது. அதுவரை அரசின் ஏடுகளில் அதன் பெயர் வட ஆப்பிரிக்காவில் நடந்த ‘நடவடிக்கைகள்’.

கப்பலேறிய ஐரோப்பியர்களில் பலர் பின்னாளில், நரைத்த தலையோடு, தாங்கள் பிறந்த வீட்டைப் பார்க்க அல்ஜீரியாவுக்குத் திரும்பி வந்தார்கள். அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள் கதவைத் திறந்து, காபி கொடுத்து, ஒவ்வோர் அறையாகக் காட்டினார்கள். பழைய தெருவில் பெயர் சொல்லி அழைத்து ஓடி வந்த கிழவர்களும் இருந்தார்கள். ஹர்க்கிகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2000-ல் பாரீஸ் வந்திருந்த அல்ஜீரியக் குடியரசுத் தலைவர் பூத்தஃப்லிக்கா, அவர்கள் வருவதற்கான நேரம் இன்னும் வரவில்லை என்றார். அதே மலைக் கிராமத்தில் பண்ணையார் மகனாகப் பிறந்த ஐரோப்பியர் விசா வாங்கிக்கொண்டு போய்த் தன் ஆலிவ் மரங்களைத் தொட்டுப் பார்த்து வந்தார். அவரோடு அந்த மரங்களில் ஏறி விளையாடி, இருபது வயதில் கூலிக்காகச் சீருடை மாட்டிய ஆட்டிடையர் மகன், தென்பிரான்சில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் இருந்தபடி, தாய் இறந்த செய்தியைக் கடிதத்தில் படித்தார்.